கல்பனா கொடுத்த சோப்

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு, மலம் வெளியேற என் வயிற்றில் ஒரு துளை போட்டு, அதன்மேல் பை ஒட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே இது தெரிந்தவள் என் தோழி கல்பனா மட்டும்தான்.

“கெமிக்கலே இல்லடி” என்று, தான் தயாரித்த தேங்காயெண்ணெய் சோப்பைக் கொடுத்தாள். அந்தப் பிசுக்கில் பை ஒட்டாமல் கசிந்து, சுற்றிலும் தோல் வெந்துபோனது. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

நவராத்திரிக்கு மயிலாப்பூரில் அவள் வீட்டுக் கொலுவுக்குப் போனேன். ஒரு மாமி என் கையைப் பிடித்தார். “வயித்துல பை வெச்சிண்டிருக்கற ஃப்ரெண்ட் நீதானே? இந்த சோப்புல புண்ணே ஆறிடுத்துன்னு கல்பனா சொன்னாளே. நானும் வாங்கிண்டேன்!”

என் வயிற்றைக் காட்டி வியாபாரம் செய்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தேன். சுண்டல் எடுக்கிற சாக்கில் கல்பனா உள்ளே போய்விட்டாள்.

இப்போது, நர்ஸ் முதலிலேயே சொன்னபடி, வெறும் வெதுவெதுப்பான தண்ணீரால்தான் கழுவுகிறேன். தோல் மட்டும் ஆறிவிட்டது.