நவுருவுக்கான நட்டஈடு

பீலெஃபெல்ட் நகரப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் விட்டு வந்தது ஸ்பார்கல் தோட்டம். ஜேர்மன்காரர் சாப்பிட உயிரை விடும் அந்த வெள்ளைத் தண்டின் பருவம் முடிய, வேலையோடு படுத்திருந்த கொட்டகையும் போனது. இரவைக்கு ஒரு படுக்கை வேண்டும், விடிந்தால் ஒரு வேலை வேண்டும். மழை வேறு.

ஒரு வான் நின்றது. ஓட்டி வந்தவர் நம்மவர், ஐம்பதைத் தாண்டியவர். பின்னால் கோழியெரு மூட்டைகள், தான் கோழிப்பண்ணையில் மேற்பார்வை, மணத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் மூக்கைச் சுளிக்கவில்லை.

"பறவை எச்சத்தாலான தீவிலையே இருந்தனான் அண்ணை. இதென்ன."

அவர் நம்பவில்லை. ஆகவே சொன்னேன். ஆஸ்திரேலியாவுக்குப் படகேறிப் பிடிபட்டு, நவுரு முகாமில் கிடந்தேன். பசிபிக்கின் நடுவில் தனித்துக் கிடக்கும் தீவு. கடற்பறவைகள் காலங்காலமாக இட்டது இறுகிப் பொஸ்பேற் கல்லானதாம். அந்தக் கல்லில் ஒன்று ஆஸ்திரேலியக் கம்பனிக் கந்தோர் ஒன்றில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. யாரோ அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதோடு தீவுக்குச் சனி பிடித்தது. நடுத்தீவை அள்ளி வேறு நாட்டு வயல்களில் உரமாகத் தூவினார்கள். தீவுக்காரர் கொஞ்சக் காலம் பணத்தில் மிதந்தார்கள். கல் முடிய அதுவும் முடிந்தது. மிச்சம், பல்லுப் பல்லாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள். அவற்றுக்கிடையில்தான் எங்கள் கூடாரம், அடுப்புக்குள் இருப்பதுபோல. பிறகு ஊருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஜேர்மனிக்கு வந்தது தனிக்கதை.

முதலில் ஆண்டது யார் என்று கேட்டார். ஜேர்மன்காரர் என்றேன். போன மாதம்தான் அவருக்கு ஜேர்மன் கடவுச்சீட்டுக் கிடைத்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நாங்கள் ஆண்ட தீவோ?"

"ஓம் அண்ணை. தோண்டத் தொடங்கினதும் உங்கடை காலத்திலைதான்."

"பிறகேன் விட்டனாங்கள்?"

உலகப்போரில் பறிபோனது என்றேன். நேற்றுத்தான் காணி கைமாறியதுபோல ஸ்டியரிங்கைத் தட்டினார். இதைவிட நல்ல நேரம் வராது.

"அள்ளின கல்லுக்கு நட்டஈடா, இண்டைக்கு ஒரு படுக்கை தாங்கோ."

"என்னாலை ஏலாது. அக்காவிட்டை அன்ட்ராக் போடும்."

ஜேர்மனியில் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் இல்லாமல் எதுவும் நடக்காது. அக்கா என்றது அவர் மனைவியை. அவர்கள் வீட்டு வாசலில் நின்று, முழுக்கதையையும் அக்காவுக்குத் திரும்பச் சொன்னேன்.

"எச்சத் தீவிலை இருந்த ஆளெண்டால் முதல்லை குளியும்," என்றார் அக்கா.

குளித்துவிட்டு வந்தபோது புட்டும் மீன்குழம்பும் இருந்தன. வரவேற்பறையில் மெத்தையும் விரித்திருந்தது. சாப்பிடும்போது அண்ணை என்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பறவை எச்சத்திலை இவ்வளவு அனுபவமுள்ள ஆளை நான் வேறை எங்கை தேடுறது?"

விடிந்ததும் வானில் ஏற்றிப் போனார். கையில் எரு அள்ளும் சவளொன்றைத் தந்து, தள்ளுவண்டியைக் காட்டி, கோழிக்கொட்டகையின் கதவைத் திறந்துவிட்டார். நான் அள்ளத் தொடங்கினேன்.