இரண்டேகாலுக்கு எரிந்த பச்சைப் புள்ளி

முனியாண்டி அண்ணன் இறந்த நான்காம் நாள், மத்தியானம் இரண்டேகால் மணிக்கு, என் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

பச்சைப் புள்ளி என்றால் அந்த ஆள் இப்போது உள்ளே வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். இன்றைக்கு உங்கள் போனிலேயே பார்க்கிறீர்கள். நான் சொல்வது இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்தது. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூல் மில்லில் சிஸ்டம் செக்‌ஷன் என் பொறுப்பு. பொறுப்பு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஏசி ரூம், இரண்டு கம்ப்யூட்டர், நான் ஒருத்தி.

புள்ளி ஒரு நிமிடம் எரிந்து அணைந்தது. அவர் எழுதுகிற ப்ளோரூம் ஷீட்டைத் திறந்தேன். அன்றைய தேதியில் புதிதாக ஒரு வரி இருந்தது. ‘பேரிங் சூடு 42. ஓகே. முனியாண்டி.’

மூன்று நாளைக்கு முன்னால்தான் அவர் உடம்புக்கு மாலை போட்டுவிட்டு வந்திருந்தேன். கொடைரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். நான் சுலபத்தில் பயப்படுகிறவள் இல்லை. அன்றைக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

1. ஓனர், எடிட்டர், வியூவர்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் ஒரு நோட்டு வைத்திருக்கும். ஒன்றில் இருக்கிற கணக்கு இன்னொன்றில் இருக்காது. மேனேஜர் சென்னையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். எல்லா ஷீட்டும் ஒரே இடத்தில் இருக்கும், அதற்கு ஒர்க்ஸ்பேஸ் என்று பெயர். ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு ஓனர் உண்டு, பதில் சொல்ல வேண்டியவர் அவர். எடிட்டர் எழுதலாம். வியூவர் பார்க்க மட்டும்தான் முடியும். தொழிலாளர்கள் எல்லோரும் வியூவர். அவர்களுக்காக ஷெட்டுச் சுவரில் டாஷ்போர்டு என்று ஒரு பெரிய திரை மாட்டினோம். எல்லாம் சரி என்றால் பச்சைக் கட்டம், கோளாறு என்றால் சிவப்பு.

ப்ளோரூம் என்பது பஞ்சு பேலைப் பிரித்து உதறும் இடம். அங்கே மெஷின் உருளையைத் தாங்குகிற பேரிங் சூடேறி ஒரு பொறி விழுந்தால் போதும், ஷெட்டே எரிந்துபோகும். அதனால் தினமும் அதன் சூட்டைப் பார்த்து எழுதுவது ஃபிட்டர் முனியாண்டி அண்ணனின் வேலை. முதலில் கையை வைத்துப் பார்ப்பார், அப்புறம்தான் தெர்மாமீட்டர்.

டைப் அடிப்பதுதான் அவருக்கு வதை. “ஏத்தா ஸ்டெல்லா, ஸ்பேனர் புடிச்ச வெரலுக்கு இந்த பட்டனெல்லாம் சிக்க மாட்டேங்குது. எனக்கு ஒரு வழி பண்ணுத்தா” என்று வந்து நிற்பார். நானும் ஒரு வழி பண்ணிக் கொடுத்தேன். அது என்ன என்று பிறகு சொல்கிறேன். அவர் இறந்தபோது எனக்கே அது மறந்துபோயிருந்தது.

2. யூசரை எடுக்காதீங்க

இறந்த மறுநாளே மேனேஜர் போன் பண்ணினார். “முனியாண்டி யூசரை ரிமூவ் பண்ணிடுங்க. புது ஃபிட்டர் வர்ற வரைக்கும் பேரிங்கை மேஸ்திரி பாத்துக்கட்டும்.”

மேஸ்திரி கருப்பையா நான்கு பேரோடு என் ரூம் வாசலில் வந்து நின்றார். “மேடம், பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். அதுக்குள்ள மனுசன் பேரை அழிச்சா நல்லாவா இருக்கும்? இம்புட்டு வருசம் ஒழைச்ச ஆளு.”

எனக்கும் மனசு வரவில்லை. சரி என்றுவிட்டேன்.

அந்தப் பச்சைப் புள்ளி ஐந்தாம் நாளும் வந்தது. யாரோ பாஸ்வேர்டு தெரிந்தவன் விளையாடுகிறான் என்று பாஸ்வேர்டை மாற்றினேன். ஆறாம் நாள், இரண்டேகால். புள்ளி, 42, ஓகே. அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ஷெட்டுக்குள் போனால் அங்கே வேறு கதை. டாஷ்போர்டுக்கு விபூதி பூசி, ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தார்கள். இரண்டேகாலுக்குப் பத்துப் பேர் அதன் முன்னால் நின்றார்கள். கட்டம் பச்சையானது, அவர் பெயர் வந்தது. கருப்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அம்புட்டுச் சுளுவா மெஷினை விட்டுட்டுப் போயிர மாட்டாருன்னு எனக்குத் தெரியும் மேடம்.”

மேனேஜரிடம் நான் சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம். அவர் இன்னும் இருக்கிறார் என்பதில் ஒரு ஆறுதலும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒன்பதாம் நாள் பாண்டியம்மாள் வந்தாள். ப்ளோரூமில் பஞ்சு போடுகிறவள். “மேடம், மெஷின் ஓரத்துல பொசுங்குற வாடை வருது. மேஸ்திரிகிட்டச் சொன்னா, அண்ணனே ஓகே போட்ருக்காரு, நீ என்ன அவருக்கு மேலயாங்குறாரு. என்னால அதுல எழுத முடியாதாமே. நீங்களாச்சும் எழுதுங்க.”

நான் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். “ஓகேன்னுதானே இருக்கு பாண்டி” என்றேன். எழுந்து போய் ஒரு முறை மோந்து பார்க்கத் தோன்றவில்லை.

“எனக்கு மூக்கு இருக்குல்ல மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

3. ஹிஸ்டரி

பதினோராம் நாள் மத்தியானம் ஒரு மணி வாக்கில் பேரிங் தீப்பிடித்தது. பாண்டியம்மாள்தான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தியிருக்கிறாள். உள்ளே எரிந்துகொண்டிருந்த பஞ்சை வலது கையால் இழுத்து வெளியே போட்டிருக்கிறாள். மற்றவர்கள் மணலைக் கொட்டி அணைத்தார்கள். ஷெட் தப்பியது. அவள் கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது.

ஆம்புலன்ஸ் போன பிறகு ஷீட்டின் ஹிஸ்டரியைத் திறந்தேன். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் நாளே திறந்திருக்க வேண்டிய பக்கம் அது.

அவர் உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரி. இரண்டேகாலுக்கு ஒன்று. இரண்டரைக்கோ, இரண்டே முக்காலுக்கோ அவரே திருத்திய இன்னொன்று: 44, 41, 43. கடைசியாக அவர் கைப்படத் திருத்தியது 42. அதன் பிறகு, நான் கவனிக்காத முதல் மூன்று நாளும் சேர்த்து, ஒரு வரிதான். ஒரு நொடி முன்பின் இல்லாமல் சரியாக இரண்டேகால். 42, 42, 42.

அட பாவி மகளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். நான் பண்ணிக் கொடுத்த வழி அது. ரிப்பீட். நேற்றைய வரியை சாஃப்ட்வேரே இன்றைக்கு அவர் பெயரில் போட்டுவிடும், அப்போது அவர் புள்ளியும் எரியும், அவர் நம்பரை மட்டும் திருத்தினால் போதும். அது முதலில் டிராஃப்டாகத்தான் வரும், அவர் சேவ் கொடுத்தால்தான் டாஷ்போர்டுக்குப் போகும். அவர் சேவ் கொடுக்க மறந்து மறந்து மேனேஜரிடம் ஏச்சு வாங்கினார். பாவமாக இருக்கிறதே என்று டிராஃப்டையும் எடுத்துவிட்டு, நேராக டாஷ்போர்டுக்கே போகும்படி செய்திருந்தேன். ரிப்பீட்டுக்கு பாஸ்வேர்டு எதற்கு? நாங்கள் ஒரு வாரமாகப் பூ வைத்துக் கும்பிட்டது என் சோம்பேறித்தனத்தை.

எல்லாம் புரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இரண்டேகால் ஆனது. மெஷின் கருகி நின்றுபோயிருந்தது, ஷெட்டில் ஒரு ஆள் இல்லை. என் கண் முன்னால் பச்சைப் புள்ளி எரிந்தது. ‘பேரிங் சூடு 42. ஓகே. முனியாண்டி.’ காரணம் தெரிந்தும் மயிர் கூச்செறிந்தது. காரியத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. யாரையும் கேட்காமல் ரிப்பீட்டை நிறுத்தி, யூசரை எடுத்தேன்.

4. புது ஓனர்

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அழுதேன். பாண்டியம்மாள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணன் கை வச்சுப் பாத்துட்டுத்தான மேடம் எழுதுவாரு. கை இல்லாம எழுத்து மட்டும் வந்தா, நாமதான போய்ப் பாத்திருக்கணும்? மேஸ்திரியத் திட்டாதீங்க. அவரும் பாவம்.”

மேனேஜரிடம் தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு இன்க்ரிமெண்ட் போனது, போகட்டும். அதன் பிறகு யார் என்னிடம் வேலை கற்க வந்தாலும் முதலில் ஹிஸ்டரியைத்தான் திறந்து காட்டுவேன். அப்புறம் ஷெட்டுக்குக் கூட்டிப் போய், இதைத் தொட்டுப் பார் என்பேன். திரை பச்சையாக இருக்கும்போது எழுந்து போய்ப் பார்ப்பதுதான் இந்த வேலை. எனக்கு அது தெரிய ஒருத்தி தன் கையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

நான்கு மாதம் கழித்துப் பாண்டியம்மாள் வந்தாள். வலது கை விரல்கள் மடங்கவில்லை. மேனேஜரிடம் சண்டை போட்டு ப்ளோரூம் ஷீட்டுக்கு அவளை ஓனராக்கியிருந்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, முதல் வரியை அவளே அடித்தாள்.

‘எடது கை வச்சுப் பாத்தேன். 41. ஓகே. பாண்டியம்மாள்.’