பாதிப் பாட்டின் அர்த்தம்

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் கரண்ட் போனால் ஊரே திட்டும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சந்தோஷப்படுவோம். விசைத்தறி நின்றால்தான் எங்கள் வீதியில் பாட்டு காதில் விழும். என் சிநேகிதன் வீட்டில் நான்கு தறிகள். அவை நின்ற நிமிஷமே டேப் ரெக்கார்டரில் பேட்டரிக் கட்டைகளைப் போட்டு அந்த இங்கிலீஷ் பாட்டை வைப்பான்.

நாங்கள் இருவரும் திருப்பதியில் டிகிரி படித்தபோது அங்கே ஒரு கேசட் கடையில் பதிந்து வாங்கிய பாட்டு. டிரம்ஸ் அதிர, ஒருவன் அப்பன் வீட்டை விட்டுக் கிளம்புவதாகப் பாடுவான். கிட்டார் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதே டக்கென்று நின்றுவிடும். அடுத்த பாட்டு வந்துவிடும்.

அந்த நிறுத்தத்துக்குத்தான் நாங்கள் அடிமை. காலேஜுக்குப் போகும் பாசஞ்சர் ரயிலில் தினமும் அதன் அர்த்தத்தைப் பற்றிச் சண்டை.

"போறவன் சொல்லிக்கினா போவான்? திரும்பிப் பாக்கக் கூடாதுன்னுதான் அப்டி நிறுத்தியிருக்கான்" என்பது என் கட்சி.

"இல்லடா, இன்னமோ சொல்ல வந்து தொண்டை அடைச்சிக்கிச்சி" என்பான் அவன்.

பாதி வார்த்தை எங்கள் இருவருக்குமே புரியாது. ஆனால் வாயடிப்பதில் நான் கெட்டிக்காரன், பெரும்பாலும் நானே ஜெயிப்பேன்.

கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்ததும் அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அம்மா இல்லாத வீடு, அப்பாவுக்கு ஒரே பிள்ளை. "நைனா ஒண்டியா இன்னா பண்ணுவாரு?" என்று ஒரு மாதம் மருகினான்.

"அந்தப் பாட்டக் கேட்டுமா உனுக்கு புத்தி வரல? போறதுன்னா டக்குனு போய்டணும்" என்று நான் விடாமல் ஏற்றிவிட்டேன். எனக்கு அப்படியொரு வாய்ப்பு வரவில்லை, அவனாவது போகட்டும் என்றிருந்தது. போய்விட்டான்.

நான் புத்தூரில் வாத்தியார் ஆனேன். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் அவன் நைனாவைப் பார்ப்பேன். "எப்பப்பா வரான்?" என்பார். "அடுத்த வருசம் நைனா" என்பேன். இப்படியே ஏழெட்டு வருஷம் ஓடியது. நடுவில் இரண்டு தடவை லீவில் வந்துபோனான், அவ்வளவுதான்.

ஒருநாள் திருப்பதியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தப் பாட்டைத் தேடினேன். உலகம் முழுக்க அதன் ரசிகர்கள் கூடி வாதாடிக்கொண்டிருந்தார்கள். யுத்தத்தைப் பற்றியது என்றான் ஒருவன். குடியைப் பற்றியது என்றாள் ஒருத்தி. எங்களைப் போலவே கிறுக்குகள் இத்தனை பேரா என்று குஷியாக இருந்தது. ஆனால் அந்த நிறுத்தத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. எல்லோரும் கடைசிச் சரணத்தையே பேசினார்கள். எது கடைசிச் சரணம்?

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். பாட்டு நிற்கவேயில்லை. கிட்டார் மெல்ல அடங்கியபின், போனவன் திரும்பி வந்து அதே வீட்டுக் கதவைத் தட்டினான். திறக்க யாருமில்லை.

அறுபது நிமிஷ கேசட்டுக்குள் எங்கள் லிஸ்டை அடக்கக் கடைக்காரர் நீளமான பாட்டைக் கத்தரித்திருக்கிறார். ஒரு பாட்டுகூட விடக்கூடாது என்று அவரிடம் அடம்பிடித்தது நாங்கள்தான். அன்றே அவனுக்குப் போன் செய்தேன்.

"இங்க வந்த மொத மாசமே முழுசாக் கேட்டுட்டேன்டா" என்றான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா திரும்பி வாடான்னு கூப்ட்டிருப்பே. நானும் வந்திருப்பேன். இங்க புடிச்சிப் போச்சிடா. நைனாகிட்ட சொல்லத்தான் வாய் வரல."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் நைனா கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். "அவன் இனிமே இங்க வந்து இருக்க மாட்டான் நைனா. போகச் சொன்னதே நான்தான்."

"உன்ன மட்டுமா கேட்டான்? என்னையுந்தான் கேட்டான். நானும் போன்னுதான் சொன்னேன்" என்றார், காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டே. "வர மாட்டான்னு எனுக்கு எப்பவோ தெரியும்."

"அப்போ வாரா வாரம் என்னை ஏன் கேட்டுக்கினே இருந்தீங்க?"

"அவனப் பத்திப் பேச எனுக்கு வேற யாருப்பா கீறாங்க?"