சவிரிமுத்து அண்ணர் தேடிய சொற்கள்

செவ்வாய்க்கிழமை காலை கிண்ணியாத் துறையில் பாதைப்படகுக்காக நின்றுகொண்டிருந்தேன். அக்கரையிலிருந்து வந்திறங்கிய மீன் வியாபாரி என்னைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தினார். “காசிம் நானா, உங்கட கூட்டாளி சவிரிமுத்தர் விடியக்காலமை மோசம் போயிட்டாராம்” என்றார். “ஓம்” என்று மட்டும் சொன்னேன். சாவு வீட்டுக்குப் போகப் படகேறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் கடற்படை இருந்த காலத்தில், திரு. சவிரிமுத்து அவர்கள் ஸ்டோரில் எழுதுவினைஞராக இருந்தார். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். கயிறு, ஆணி, பெயின்ற் வாளி என்று எது வந்தாலும் போனாலும் அவருடைய கையெழுத்தில்தான் பதிவாகும். கடற்படை போனது, அதோடு எங்கள் இருவருடைய வேலையும் போனது.

எனக்காவது வீட்டில் மனைவி இருந்தாள். அவருக்கு மகள் திரேசா மட்டும்தான். சிறுவயதுக் காய்ச்சலில் பிள்ளைக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. கன்னியாஸ்திரிகளிடம் தையல் நன்றாகப் பழகியிருந்தாள். ஆனால் வீட்டில் இயந்திரம் இல்லை. “நான் கண்ணை மூடினா இந்தப் பிள்ளை ஆரிட்டக் கையேந்தும், காசிம்?” என்று அவர் ஒரு நாளில் மூன்று தரம் கேட்பார்.

கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஒரு போட்டி நடந்தது. மூன்று எழுத்துகளைத் தருவார்கள். அந்த மூன்றும் எந்த வரிசையிலாவது அமைந்த ஆங்கிலச் சொற்களைத் தேடி எழுத வேண்டும். அதிகச் சொல் எழுதியவருக்குப் பரிசு. ஒரு சொல் பிழைத்தாலும் முழுப் பட்டியலும் தள்ளுபடி. ஒரு தடவை பரிசு, தையல் இயந்திரம். எழுத்துகள் ஏ, எம், ஆர்.

பட்டியல் அனுப்பக் கிடைத்த அந்த இரண்டு கிழமையும் அண்ணர் மனிதராக இருக்கவில்லை. ஆர்மி, ஹாமர், ஸ்டீமர் என்று முணுமுணுத்தபடி கூப்பன் கடை வரிசையில் நிற்பார். பூசையில் பிரசங்கம் நடக்கும்போது ஒரு சொல் அகப்பட்டால், மறந்துபோகாமலிருக்கத் தன் தொடையையே கிள்ளிக்கொள்வார். “அப்பா அரிசி வாங்கப் போய் ரெண்டு சொல்லோட திரும்பி வாறார், மாமா” என்று திரேசா என்னிடம் முறைப்பாடு வைத்தாள். எனக்குச் சிரிக்க மனமில்லை. நானும் அதே வெறியோடுதான் அலைந்தேன். என் மனைவிக்கும் தைக்கத் தெரியும். என் வீட்டிலும் அடுப்பு ஒருநேரம்தான் எரிந்தது.

அனுப்புமுன் நாங்கள் பட்டியலைக் கைமாற்றிப் பிழை பார்ப்பது வழக்கம். அடுத்தவரின் சொல்லைத் திருடுவதில்லை என்று பேச்சு. அதை நான் ஒருநாளும் மீறவில்லை. அந்தச் சனிக்கிழமை அவருடைய பட்டியல் என்னுடையதைவிட நீளம். நடுவில் ‘டிரம்பார்’ என்று எழுதியிருந்தார். எண்ணெய்ப் பீப்பாய்களை நெம்பி உருட்டும் இரும்புக் கம்பிக்கு ஸ்டோரில் எல்லோரும் சொன்ன பெயர் அது. நானும் எத்தனை வருடம் எழுதியிருப்பேன்! ஆனாலும் ஒரு சந்தேகம் தட்டியது. “ஒரு நடை போய் வாறன்” என்று சொல்லிவிட்டு நூல்நிலையத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். அப்படியொரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. அது எங்கள் துறைமுகம் தானே கட்டிக்கொண்ட சொல்.

திரும்பி வந்தேன். “எப்படி, எல்லாம் சரியோ?” என்று கேட்டார்.

“சரி, அண்ணர்” என்றேன்.

இயந்திரம் என் வீட்டுக்கு வந்தது. அவருடைய பட்டியல் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் படகேறிக் கிண்ணியாவுக்கே வந்துவிட்டார். அவரோ என்னைத் தேற்றத் தொடங்கினார். “எங்கட டிரம்பார் இங்கிலீசில்லையாமடாப்பா! நீர் கவலைப்படாதையும். நீரும் அதே ஸ்டோர்தானே, உமக்கெப்படித் தெரியும்?” என் மனைவி ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்தார். இயந்திரத்தின் சில்லை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்தார். “நல்ல சாமான்” என்றார்.

அன்றே தூக்கிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பிறகு மனம் வந்த நாட்களில், அதில்தான் என் வீட்டுப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. திரேசா கையாலேயே தைத்தாள். நாற்பது வயதுக்குள் அவள் கண் மங்கிவிட்டது. அண்ணர் கடைசிவரை ஒவ்வொரு பட்டியலையும் என்னிடம்தான் காட்டினார். வேறெவரையும் பார்க்கவிட்டதில்லை.

செவ்வாய் பின்னேரம் அவருடைய வீட்டில் பெட்டியைச் சுற்றிச் சனம் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. திரேசாவைக் குசினிக்குள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கதவு நிலையைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். அழவுமில்லை, ஏசவுமில்லை.

“இதை என்னட்டச் சொல்லி நான் என்ன செய்ய, மாமா? அப்பா முன்னுக்குத்தானே கிடக்கிறார். போய் அவரிட்டச் சொல்லுங்கோ.”

போனேன். வெள்ளைச் சேட்டுப் போட்டு, விரல்களில் செபமாலை சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நின்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பெட்டியை மூடும்வரை நின்றேன், அப்போதும் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணர், எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சரி என்று சொன்னேன். போய் வாருங்கள்.