என் மாணவி உட்கார்ந்த நாற்காலி

கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஆராய்ச்சி செய்து பழக, பள்ளிக்கு ஓர் ஆசிரியையையும் ஒரு பதினோராம் வகுப்பு மாணவியையும் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். எங்கள் காஞ்சிபுரம் பள்ளியிலிருந்து உயிரியல் ஆசிரியையான நான் போனேன். துணைக்கு ஒரு மாணவியை அழைத்துப்போவதாகத்தான் நினைத்திருந்தேன். யாருக்கு யார் துணை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

பெரிய காஞ்சிபுரத்தில் அளவு கொடுத்து வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே இருவருக்கும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி அடையாள அட்டை, ஒரே உயர முக்காலி கொடுத்தார்கள். எங்களுக்கு வேலை கற்றுத்தர வந்த ஆய்வாளருக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். நான் அவரை ‘மேடம்’ என்றேன். என் மாணவி வாய் நிறைய ‘அக்கா’ என்றாள். வயிறு எரிய ஆரம்பித்தது அங்கேதான்.

எதைக் காட்டினாலும் நான் தலையாட்டுவேன். டீச்சருக்குத் தெரியவில்லை என்று யாராவது நினைத்துவிட்டால்? அவளோ கூச்சமே இல்லாமல், “தெர்லக்கா, இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்பாள். ஆகவே அவளுக்கு எல்லாம் சொல்லித் தந்தார்கள். எல்லாம் தெரிந்த எனக்குக் கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலை கிடைத்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே கழுவினேன்.

எங்கள் ஆராய்ச்சி, அவள் ஊரான தாமலின் ஏரித் தண்ணீரில் இருக்கும் நுண்பாசி பற்றியது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பதற்கு முன், பாசியை உலர்த்தி அதன்மேல் மெல்லிசாகத் தங்கம் பூசுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று பஸ்ஸில் அவள் சொன்னாள்: “மிஸ், நம்மூர் பாசிக்கும் ஜரிகை போட்டுக்கினு இருக்காங்க மிஸ்!”

எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய ஜோக். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கடைசி வாரம், அந்த நுண்ணோக்கியின் முன்னால் பள்ளிக்கு ஒருவர்தான் உட்காரலாம் என்றார்கள். எத்தனையோ வருடமாக அதன் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பாகங்களைத் தப்பாகக் குறித்தவர்களைத் திட்டியிருக்கிறேன். நேரில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். நம்மிடம் படிக்கிற பெண்ணோடு போட்டியா என்று வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் தோற்றது.

“மேடத்துக்குத்தான் எல்லாம் தெரியுமே, அதனால மாணவியே உட்காரட்டும்” என்றார் ஆய்வாளர்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“மேடத்துக்கு ரொம்பத் தன்னடக்கம்!”

அவள் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். அவள் குமிழைத் திருகத் திருகத் திரையில் பாசி மங்கி மங்கித் தெளிந்துகொண்டிருந்தபோது அவள் திடீரென்று நெளிந்தாள்.

“அக்கா, மிஸ்ஸுக்கும் கொஞ்சம் குடுங்கக்கா. பின்னாடி நின்னுக்கினு என் தோள திருவுறாங்க.”

ஆய்வாளர் சிரித்துவிட்டு, கடைசிக் கொஞ்ச நேரத்தை எனக்குக் கொடுத்தார். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. குமிழைப் பிடித்து ஒரே திருகாகத் திருகினேன்.

“மெதுவா திருப்புங்க மிஸ், அது ஸ்கூட்டி இல்ல” என்றாள் அவள், அப்படியே என் வகுப்புக் குரலில்.

அவள் எடுத்த படத்தில் பாசியின் துளைகளைக்கூட எண்ணலாம். அதை ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். நான் எடுத்ததை வாட்ஸ்அப்பில் டிபியாக வைத்தேன். அன்று சாயங்காலமே எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் ஃபோன் செய்தார்.

“இன்னா மிஸ், டிபில ரவா உப்புமா வச்சிக்கினு இருக்கீங்க?”

“ஆமா மிஸ்,” என்றேன். “நானே செஞ்சது.”