ஆறுதலா வாங்கோ

ஜெபராணியைச் சுவரில் படம் வரைகிறவள் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். நாடகம் எழுதுவாள், ஆடுகிறவர்களுக்கு உடுப்புத் தைப்பாள், காகிதக் கூழில் முகமூடி செய்வாள், அடிக்க ஆள் வராவிட்டால் மத்தளத்தையும் தானே எடுத்துக் கட்டிக்கொள்வாள். யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்தவள். கணவன் ஸ்டீவனும் அந்தப் பக்கத்து ஆள்தான்; மைக் செட் போடுகிறான். உத்தமபாளையத்தில் வாடகை வீடு.

வந்த புதிதில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதித்தான் பிழைப்பு ஓடியது. பக்கத்துத் தையற்கடை சாபிரா ஒரு பலகை எழுதச் சொன்னாள். பலகையோடு சிநேகமும் நிலைத்துவிட்டது. பிறகு பள்ளிக்கூட நாடகம், சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் என்று வேலை வளர்ந்தது. முதல் வருஷம் அவள் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அதே பிள்ளைகள் ஆமாம் என்பதற்கு "ஓம் டீச்சர்" என்கிறார்கள், வீட்டில் அடி வாங்குகிறார்கள்.

இந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து அக்கா பிடிவாதம் பிடித்தாள். வந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல் என்றாள். "அங்க நாளைக்கு ஒண்டு நடந்தா உன்ர வாசலுக்கு ஆர் வருவினம்?" என்றும் கேட்டாள். ஜெபராணி யோசித்துப் பார்த்தாள். கைதட்டுகிறார்கள், சரி. கைதட்டுகிறவர்கள் எல்லாம் உறவாகிவிடுவார்களா? அந்தக் கேள்வி அவளைத் தின்றுகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலையில் காமயகவுண்டன்பட்டி ஈஸ்வரபாண்டி போன் செய்தார். திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர். சங்க விழா நாடகத்துக்கான முகமூடிகளை எடுத்துப்போக வேண்டும். ஜெபராணிக்கோ ஒத்திகையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"ஸ்டீவன் எங்கன தாயி? போனை எடுக்கவே மாட்டேங்குறாரே?"

"அவர் விடியவே போயிட்டார் அண்ணா. நீங்கள் ஆறுதலா வாங்கோ."

ஸ்டீவன் போயிருந்தது ஆண்டிபட்டிக் கல்யாண வீட்டுக்கு. யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக வா என்றால் அவசரப்படாமல் மெல்ல வா என்று அர்த்தம். கம்பம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இழவு வீட்டில்தான் வேலை. அதுவும் அந்தக் கட்டிய தொண்டையில் கேட்டால்? ஈஸ்வரபாண்டி போனை வைத்துவிட்டு ஊரைக் கூட்ட ஓடினார்.

ஜெபராணி வாசலில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. தோட்டத்து வேலையைப் போட்டது போட்டபடி பெண்கள் இறங்கினார்கள். நாடகத்தில் ராஜா வேஷம் கட்டும் ஜக்கம்மா எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தாள்.

"ஏ ஆத்தா, இப்படி ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டாகளே!" என்று ஜெபராணியைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

ஜெபராணி அதை ஒத்திகை என்றே நினைத்தாள். "அழுகை நல்லா வருது அக்கா. ஆனா ராஜா இந்த இடத்தில அழக்கூடாது" என்றாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஜக்கம்மா இன்னும் சத்தமாக அழுதாள். சத்தம் கேட்டு சாபிரா கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஈஸ்வரபாண்டி ரோஜா மாலையோடு தலை குனிந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ வந்தது. ஸ்டீவன் ஆம்ப்ளிபயரோடு இறங்கி, "ஆருக்கு மாலை?" என்று கேட்டான்.

ஈஸ்வரபாண்டி மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! யார் என்ன சொன்னார்கள், எது எப்படிக் காதில் விழுந்தது என்று பேசித் தெளிந்ததும் வாசலே சிரிப்பில் குலுங்கியது. ஜக்கம்மாவுக்கு மட்டும் கோபம் தணியவில்லை. "ஏலே ஈஸ்வரபாண்டி, ஒங் காதுல என்ன மண்ணா? ஏத்தா, அழுத அழுகைக்குக் காப்பித்தண்ணியாச்சும் போடு" என்றாள்.

உள்ளே போன ஜெபராணி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். சாபிரா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது? மாப்பிள முழுசா வந்து நிக்கிறாரு, இப்பப் போயி அழுகுறே?"

ஜெபராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கனடாவில் அக்கா தூக்கக் கலக்கத்தில் பேசினாள்.

"அக்கா, நாங்கள் வரேல்லை. இவர் செத்துப்போனார் எண்டு நினைச்சு வாசல்ல ஒரு வேன் சனம் நிக்குது. அவையளுக்குத் தேத்தண்ணி போடவேணும், வைக்கிறன்."