மேசைக்காலுக்கும் மேல்தட்டுக்கும் நடுவே

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள் ஆர்லீன். பின்னிருக்கையில் புளுகும் பிள்ளையைக் கண்ணாடி வழியாகவே பிடித்துப் பழகியவளுக்கு, அந்தக் காலத்துக் கொலைக்கதைகளில் புளுகுவது யார் என்று கண்டுபிடிப்பதா கஷ்டம்? பாதிப் புத்தகத்திலேயே பிடித்துவிடுவாள். மீதிப் பாதியை எழுதியவனைத் திட்டுவதற்காகப் படிப்பாள். அதற்காக வேறு வகைப் புத்தகத்தைத் தொடுவாளா என்றால், மாட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மில்வாக்கி நகரில் நெட்டியின் மதுக்கடையில் ஐந்து பேர் கூடுவார்கள். பொரித்த மீன், உருளைக்கிழங்கு அடை, பியர், காகிதத்தில் ஒரு பிணம். வாரம் ஒரு கொலைக்கதை; பழைய புத்தகக் கடைகளைக் குடைந்து, அதில் ஆளுக்கொரு பிரதி கொண்டுவர வேண்டும். ஐந்து கையும் உயர்ந்தால் புத்தகம் குவளைகளுக்கு மேலுள்ள தட்டில் ஏறும். ஒரு கை குறைந்தாலும் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுக்கப் போகும். ஆர்லீனின் புண்ணியத்தில் தட்டு காலி; மேசை ஆடுவதே இல்லை.

ஐவரில் கிளெம் அவளுக்கு நேரெதிர். பூட்டுக் கடை வைத்திருந்தவன். மழை, தொப்பி, நம்பக்கூடாத அழகி மூன்றும் இருந்தால் அவன் கை தானாக மேலே போகும். ஒருமுறை முடிக்காத புத்தகத்துக்கே தூக்கிவிட்டான். முடிக்காதவருக்குக் கை கிடையாது என்ற சட்டத்தை ஆர்லீன் கொண்டுவந்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரத்துப் புத்தகம் 'ஈரக் கையுறை'. ஆர்லீன் வந்து உட்காரும்போதே முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. வாழ்நாளில் ஒன்றையாவது தட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும், அது இதுதான் என்றாள். கதையில் துப்பறிபவன் அந்தச் சந்தேக அழகியின் வீட்டுக் கதவுப்பிடியில் கைவைக்கிறான். உள்ளே இருப்பது காதலா, துப்பாக்கியா என்று சொல்லாமலே கதையை நிறுத்தியிருக்கிறான் பார், அவனல்லவா எழுத்தாளன் என்றாள்.

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். கிளெம் மட்டும் மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தான்.

"ஏன்யா, உன் கைக்கு என்ன வாதமா?"

"எனக்குக் கல்யாணம் பிடிக்கல ஆர்லீன்."

"எந்தக் கல்யாணம்?"

"கடைசி அத்தியாயத்துல சர்ச்சுல நடக்குதே, அதான். அந்தக் கொலைகாரி வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு ஓன்னு அழுவுறா. பாதிரியாரும் சேர்ந்து அழுவுறாரு."

ஆர்லீன் தன் பிரதியைத் திருப்பிப் பார்த்தாள். கதவுக்குப் பிறகு பின்னட்டைதான். புத்தகத்தின் முதுகில் காய்ந்து உதிரும் பசை. கடைசி அத்தியாயம் எந்தக் கடையின் எந்த மூலையில் கிடக்கிறதோ.

மேசையே சிரித்தது. நெட்டி கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிளெம் மட்டும் சிரிக்காமல் சட்டத்தை நினைவுபடுத்தினான்: முடிக்காதவருக்குக் கை கிடையாது.

ஆர்லீன் அவன் பிரதியை வாங்கி அங்கேயே படிக்க ஆரம்பித்தாள். மீன் ஆறியது. பாதிரியார் அழும் இடத்தில் அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து நெட்டி தண்ணீர் கொண்டுவந்தாள். அழுகை இல்லை, அடக்கிவைத்த சிரிப்பு.

"குப்பை," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "கதவு வரைக்கும் தங்கம். அதுக்கப்புறம் குப்பை. மேசைக்காலுக்கே குடுத்துடுங்க."

குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கிளெமுக்கு அது கேட்டது. புத்தகத்தைத் திரும்ப வாங்கி, கடைசி அத்தியாயத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். பல் விழுவதுபோல வந்துவிட்டது. அதன்மேல் மீன் முள்ளைத் துப்பினான்.

"இப்ப நானும் முடிச்சாச்சு. எங்க, எல்லாரும் உங்க பிரதியிலயும் பிடுங்குங்க."

"நான் கல்யாணத்தைப் படிச்சுத் தொலைச்சிட்டேனேய்யா."

"மறக்கறதுக்கு எத்தனை பியர் வேணும், சொல்லு."

இரண்டு போதும் என்றாள். இரண்டாவது காலியானதும் ஐந்து கை உயர்ந்தது. தட்டைத் துடைக்க நெட்டி துணி தேடினாள். அதைத் துடைத்து அவளுக்கும் பழக்கமில்லை.

இப்போதெல்லாம் ஆர்லீன் கடைசி அத்தியாயத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படிக்கவே உட்காருகிறாள். புத்தகத்துக்குப் புத்தகம் கை தூக்குகிறாள். இவளுக்கு ரசனை கெட்டுவிட்டது என்று கிளெம் எல்லோரிடமும் புகார் சொல்லிக்கொண்டு திரிகிறான்.